இரவல் மூத்திரம்

கையில் இருந்த டப்பா சில்லென்று இருந்தது.

தனபாலன் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை ஒன்பதரை மணி, வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது, அந்தக் கழிவறையிலோ குழல்விளக்கு ஈ முரலுவதைப் போல ஓயாமல் முனகிக்கொண்டிருக்க, தரை கழுவிய குளோரக்ஸ் நெடி மூக்கின் அடிவரை போய் உட்கார்ந்திருந்தது. கழிப்பறைக் கிண்ணத்தில் யாரும் தண்ணீர் மொண்டு கலந்துவிடாமல் இருக்க நீலச் சாயம் கலந்திருந்தார்கள். குழாய்க்கு அதே காரணத்துக்காக டேப் சுற்றியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் பெரியவர் பாக் மஹாட் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஆண்கள் டப்பாவில் ஒன்றுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அவருக்கு அரசாங்கம் கொடுத்த வேலை. ஆனால் மனுஷர் பதினோரு வருடமாக ஜன்னல் மேல் விளிம்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். அது அவருடைய மரியாதை. வருகிற ஆட்களுக்கெல்லாம் அது தெரியும், யாரும் மேலிடத்தில் போட்டுக்கொடுத்ததில்லை.

"ஆச்சா தம்பி?"

"ஆச்சு பாக்."

மூடியைத் திருகும்போதுதான் விரல்கள் விறைத்தன. இப்போதுதான் உடம்பிலிருந்து வந்தது. மார்க்கெட்டில் ஐஸில் கிடந்த மீனைத் தொட்டதுபோல் இருந்தது.

இரண்டு வருடமாக ஒவ்வொரு திங்கட்கிழமையும் இங்கே வந்து கையெழுத்துப் போட்டு, டப்பாவை நிரப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறான். இன்று கடைசி. சோதனைப் பட்டையில் இரண்டு கோடு விழுந்தால் போதைக் கண்காணிப்பு முடிந்தது, இனிமேல் அவன் மூத்திரம் அவன் சொந்த விஷயம். ஒரே கோடு விழுந்தால் மறுபடியும் இரண்டு வருடம், மறுவாழ்வு முகாமில். வாசலில் மழைமரத்தடியில் காரை நிறுத்திக்கொண்டு மனைவி பிரேமளா காத்திருந்தாள். பின்சீட்டில் மகள், ஆறு வயது யுவஸ்ரீ, அவளுக்குப் பக்கத்தில் இரண்டு துணிப்பெட்டி. அம்மா வீட்டுக்குப் போன பிரேமளா, கடைசி டெஸ்டில் தேறினால் மட்டும் வீடு திரும்புவேன் என்று சொல்லியிருந்தாள். சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. அவன் போதைச் சாமானைத் தொட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது, பயப்பட ஒன்றுமே இல்லை என்று காலையிலிருந்து பத்து முறையாவது தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மேசையில் அதிகாரியம்மா புவான் ரொஹானி கையுறை மாட்டிக்கொண்டு டப்பாவை வாங்கினாள். வாங்கியவள் உடனே கீழே வைத்துவிட்டாள்.

"தனா, இது எங்கிருந்து வந்துச்சு?"

"இப்பதான் புவான். பாக் பார்த்தாரு."

"பார்த்தேன் லா," என்றார் பாக் மஹாட், ஜன்னலைப் பார்த்தபடி.

"என்னத்த பார்த்தீங்க? ஐஸ்பெட்டியில வச்சு எடுத்தாப்ல இருக்கு. சூடு காட்டுற ஸ்டிக்கர்ல ஒரு நம்பர் தெரியல பாருங்க." அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "சில்லுன்னு வந்தா இது செல்லாது. இருந்தாலும் பட்டையை விட்டுப் பார்ப்போம்."

ஐந்து நிமிடம். பட்டையில் ஈரம் மெல்ல மேலேறியது. மேலே ஒரு கோடு சிவப்பாக விழுந்தது. பட்டை வேலை செய்கிறது என்பதற்கு அது. அதற்குக் கீழே விழவேண்டிய கோடுதான் அவனுடையது. உடம்பில் சாமான் இல்லாவிட்டால் அங்கே ஒரு கோடு வந்தாக வேண்டும். மயிரிழை மாதிரி மங்கலாக வந்தாலும் போதும், மங்கலான கோடும் கோடுதான் என்பது புவான் ரொஹானியின் சட்டம். தனபாலன் கண்ணிமைக்காமல் பார்த்தான். அந்த இடம் வெள்ளையாகவே இருந்தது.

"சத்தியமா நான் தொடல புவான். என் மகமேல சத்தியம்."

"எல்லாரும் மகமேலதான்யா சத்தியம் பண்றீங்க." ஆனாலும் அவள் குரலில் வருத்தம் இருந்தது. "இது உன்னுதே இல்லன்னு நினைக்கிறேன். எவன்கிட்ட வாங்கின? செல்லாத டப்பா, அதனால நான் எழுதல. தண்ணி குடிச்சிட்டு இன்னொரு வாட்டி குடு. அதுவும் இப்படித்தான்னா முகாம் ஜீப்பைக் கூப்பிடறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

எவன்கிட்ட வாங்கின. அவன் யாரிடமும் வாங்கியதில்லை, கொடுத்திருக்கிறான்.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து மூன்று கோப்பை தண்ணீர் குடித்தான். ஏர்கண்டிஷன் பெட்டியிலிருந்து வாளியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யுவஸ்ரீ கார் ஜன்னலில் மூக்கை அழுத்திவைத்து அவனுக்குப் பழிப்புக் காட்டினாள். அவன் கையசைத்தான். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. கிராம்பு சிகரெட்டும், நெற்றியில் தேய்க்கிற தைலமும் கலந்த வாசனை. நடைபாதையில் அவனைத் தவிர யாரும் இல்லை. வாசனை மட்டும் அவனுக்கு வலப்பக்கம் வந்து, ஓர் ஆள் உட்காருகிற உயரத்தில் நின்றது.

அவனைப் போலவே டெஸ்டுக்கு வந்துகொண்டிருந்த ஹெல்மி இப்படித்தான் மணப்பான். இதே பெஞ்சில்தான் திங்கட்கிழமைதோறும் அவனுக்கு வலப்பக்கம் உட்காருவான்.

பதின்மூன்று மாதத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை ஹெல்மி, "மச்சான், உன்னுது தங்கம்டா, எனக்கு ஒரு வாட்டி குடு, முந்தாநாள் கொஞ்சம் தவறிட்டேன், அடுத்த வாரத்துலேர்ந்து சுத்தமாயிடுவேன்" என்று கெஞ்சினான். இங்கே வருகிறவர்களுக்குள் இது ஒரு வழக்கம், பசியாறக் காசில்லாதவனுக்கு ஒரு ரொட்டி வாங்கிக் கொடுப்பது மாதிரி. தனபாலன் பின்சந்தில் நின்று தன் மூத்திரத்தைப் பலூனில் பிடித்துக் கொடுத்தான். தொடையிடுக்கில் வைத்து டேப் ஒட்டிவிட்டதும் அவன்தான். "சூடு ஆறுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடு," என்றும் சொன்னான். பாக் மஹாட் ஜன்னலைப் பார்த்தார். பட்டையில் இரண்டு கோடும் அழுத்தமாக விழுந்தன. அன்று சாயங்காலம் ஹெல்மி பேருந்தின் கடைசி சீட்டில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தான். தூங்குகிறான் என்று நினைத்து மூன்று நடை போய் வந்தார்கள். நான்காவது நடையில் கண்டக்டர் தொட்டுப் பார்த்தார். சாமான் அளவு மீறி, உடம்பு எப்போதோ சில்லிட்டிருந்தது.

ஒரு கோடு விழுந்திருந்தால் அன்று மத்தியானமே ஜீப்பில் ஏற்றியிருப்பார்கள். முகாமில் இருந்திருப்பான். இருந்திருப்பான், அவ்வளவுதான். துக்கத்துக்குப் போனபோது ஹெல்மியின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சுத்தமாத்தானே இருந்தாரு பாங், டெஸ்டுல தெளிவா வந்துச்சே, பின்ன எப்படி?" என்று சொந்த அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்டாள். தனபாலன் தெரியவில்லை என்றான். அந்தப் பொய்யை நினைத்து அவன் வெட்கப்படாத நாளில்லை.

"தம்பி, வருதா?" பாக் மஹாட் கூப்பிட்டார்.

மறுபடி அதே கழிவறை, அதே விளக்கு, அதே நீலத் தண்ணீர். புது டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றான். வயிறு முட்ட நீர் இருந்தும் வரவில்லை. பயத்தில் எல்லாம் உள்ளே இறுகிக்கொண்டது. கண்ணை மூடிப் பார்த்தான், எண்ணிப் பார்த்தான், ஊரிலுள்ள குழாய்களையெல்லாம் நினைத்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. கிராம்பு வாசனை உள்ளேயும் வந்துவிட்டிருந்தது. இப்போது அது பக்கத்தில் இல்லை. பின்னால். முதுகோடு ஒட்டி.

பாக் மஹாட் கதவருகே நான்கு அடி தள்ளி நிற்கிறார். அவன் பிடரியில் விழுகிற மூச்சு அவருடையது இல்லை.

மெதுவான மூச்சு. ஒன்று. பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை. நின்றுவிட்டது என்று நினைக்கும்போது இன்னொன்று.

டப்பாவின் அடியில் சத்தம் கேட்டது. நீர் விழுகிற சத்தம். முதலில் பிளாஸ்டிக்கில் பட்டு, பிறகு நீரில் நீர் விழுந்து. தனபாலன் கீழே பார்த்தான். அவனிடமிருந்து எதுவும் வரவில்லை. டப்பா நிரம்பிக்கொண்டிருந்தது. கனத்தது. சுட்டது.

"ஆங், வருது வருது," என்றார் பாக் மஹாட், ஜன்னலைப் பார்த்தபடி சந்தோஷமாக. "அவசரமில்ல, நல்லா விடு."

காதுக்குள் உதடு பட்டது.

"சூடு ஆறுறதுக்குள்ள கொண்டுபோய்க் குடுத்துடு மச்சான்."

கத்தியிருக்கலாம். டப்பாவைக் கிண்ணத்தில் கொட்டியிருக்கலாம். பாக், இது என்னுது இல்ல என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அவனுக்கு ஜீப் தெரிந்தது, வந்த வழியே திரும்புகிற கார் தெரிந்தது, பின்கண்ணாடியில் மகளின் முகம் தெரிந்தது. தனபாலன் மூடியைத் திருகினான்.

புவான் ரொஹானி டப்பாவைத் தொட்டதுமே சிரித்துவிட்டாள். "இதுதான்யா மனுஷன் மூத்திரம். முப்பத்தாறு டிகிரி." பட்டையை விட்டாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு கோடு, பேனாவால் இழுத்த மாதிரி. "சுத்தம். இவ்வளவு அழுத்தமா ஒரு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தனுக்குத்தான் பார்த்தேன். போய் உட்காரு, லெட்டர் அடிச்சுத் தரேன். உன் பொண்டாட்டிய உள்ள வரச் சொல்லவா?"

"சொல்லுங்க புவான்," என்றான். அழுகை வந்தது. சந்தோஷத்தில் கால் தள்ளாடுகிறது என்று நினைத்துக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

கால் தள்ளாடியது சந்தோஷத்தினால் இல்லை.

வயிற்றிலிருந்து ஓர் இளஞ்சூடு கிளம்பி நெஞ்சுக்கு ஏறியது. மூக்கு அரித்தது. அவனுக்கு அந்த அரிப்பு தெரியும். சாமான் ஏறும்போது வருகிற, இரண்டு வருடம் கனவில் மட்டும் வந்த அரிப்பு. கைகள் மடியில் யாரோ கழற்றி வைத்தவைபோல் கிடந்தன. இமை இறங்கியது. புவான் என்று கூப்பிட நினைத்தான். நாக்கு எழவில்லை.

ஒரு மூச்சு. பிறகு நெடுநேரம் எதுவும் இல்லை.

"என்ன தனா, தூக்கமா?" புவான் ரொஹானியின் குரல். பிறகு நாற்காலி நகரும் சத்தம். "பாக், இங்க வாங்க. உதடெல்லாம் நீலமா இருக்கு. பாக்!"

ஓட்டம். ஃபோன். கிளினிக் அடுத்த கட்டடம்தான், ஆம்புலன்ஸ்காரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியே வந்துவிட்டான். டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்தது. தனபாலனுக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது, ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை.

"கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருக்கே. சாமான் போட்டிருக்கானா?" ஆம்புலன்ஸ்காரன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு சின்ன மருந்துக் குப்பியை எடுத்தான். சாமான் விஷத்தை முறிக்கிற மருந்து. தனபாலன் அதை முகாமில் பார்த்திருக்கிறான். அதைப் போட்டு எழுந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறான். போடு. போடு.

"சாமானா? இவனா?" புவான் ரொஹானிக்குக் கோபமே வந்துவிட்டது. பட்டையை ஆம்புலன்ஸ்காரன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "பத்து நிமிஷம் ஆகல. நானே பார்த்தேன். ரெண்டு கோடு."

"வேற யாரோடதாச்சும் இருக்கப்போவுது."

"நான் பின்னாடியே நின்னேன் லா," என்றார் பாக் மஹாட். அவர் குரல் நடுங்கியது. "என் கண்ணால பார்த்தேன். அவனுதுதான்."

ஆம்புலன்ஸ்காரன் ஒரு கணம் யோசித்தான். "அப்போ தலையில ரத்தம் கசிஞ்சிருக்கும். ஸ்ட்ரெச்சர் கொண்டாங்க," என்று குப்பியைத் திரும்பப் பெட்டிக்குள் செருகினான்.

கண்ணாடிக் கதவு திறந்தது. வெயிலோடு பிரேமளாவின் அலறல் உள்ளே வந்தது. தனபாலன் மூச்சு இழுக்கப் பார்த்தான். வரவில்லை. மறுபடி பார்த்தான். அவன் இழுக்க நினைத்த நேரத்தில், வலப்பக்கத்தில் யாரோ இழுத்தார்கள்.

பெஞ்சில் அவன் தோளோடு தோள் ஒட்டி ஹெல்மி உட்கார்ந்திருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு விரிந்து உயர்ந்தது, தாழ்ந்தது, மறுபடி உயர்ந்தது. ஒவ்வொரு முறையும் அவன் கன்னத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் ஊறி வந்தது.