ஒரே வீட்டில் இரண்டு கஸ்தூரிரங்கன்

சின்னு மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அவன் கேட்டுக்குள் நுழைந்துவிட்டதாக வேதாவின் போன் சொன்னது.

'கஸ்தூரிரங்கன் உள்ளே வந்துவிட்டார்' என்று திரையின் உச்சியிலிருந்து ஒரு பட்டை இறங்கியது. பெருங்களத்தூரில் புதிதாக முளைத்திருக்கும் அடுக்குமாடிகளில் எல்லாம் இருப்பதுபோல அவர்கள் குடியிருப்பின் கேட்டுக்கும் ஒரு ஆப் உண்டு, பெயர் 'வாசல்'. கேட்டில் ஒரு கேமரா முகத்தைப் பார்க்கும், யார் வந்தாலும் போனாலும் வீட்டுக்காரர்களிடம் கோள் சொல்லும். ஐந்து வயதுச் சின்னுவின் முழுப்பெயர் கஸ்தூரிரங்கன்தான். ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வீட்டை விட்டு நகரவே இல்லை. அவனுடைய கடைவாய் எச்சில் அவள் நைட்டியில் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. என்ன கூத்து இது என்று வேதா அந்தப் பட்டையைத் தொட்டாள். ஆப் திறந்தது, வெள்ளையாக ஒரு கணம் விழித்தது, பட்டென்று மூடிக்கொண்டது.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் அந்த வீட்டில் இன்னொரு கஸ்தூரிரங்கன் இருந்தது ஞாபகம் வந்தது.

பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது அவள் கணவன் பத்ரியின் வீட்டு வழக்கம். மாமனார் பெயரைச் சொல்லி மகனை அதட்ட எந்த மருமகளுக்கு நாக்கு வரும்? அதனால்தான் அவன் சின்னு. மாமனாரை அவள் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். தினமும் சாயங்காலம் முட்டிக்குத் தைலம் தடவிக்கொண்டு, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு, அவனுடைய பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவார். புரட்டாசியில் ஒரு நாள், சின்னுவுக்கு ஜுரம் என்பதால் தனியாகப் போனவர், ஏரிக்கரை பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மேற்குத் தாம்பரத்தில் நாத்தனார் வீட்டுக்குக் கொண்டுபோய், காரியமெல்லாம் அங்கேயே நடந்தது. அன்று கேட்டைத் தாண்டிப் போனவர் திரும்பி அதற்குள் வரவே இல்லை.

பத்ரி புனேவில் மூன்று மாத வேலையாகப் போயிருந்தான். போனில் சொன்னபோது, பழைய தகவல் ஏதாவது தாமதமாக வந்திருக்கும், ஆப்தானே, அதற்கெல்லாம் ஒரு அர்த்தம் உண்டா என்றான். அதுவும் சரிதான் என்று அவள் விட்டுவிட்டாள்.

ஆனால் ஆப் விடவில்லை. மறுநாளிலிருந்து அது பத்துத் தடவையில் எட்டுத் தடவை திறந்த வேகத்தில் மூடியது. அதோடு போயிருந்தால் பரவாயில்லை. சாயங்காலம் ஆனால் மற்றவையும் சேர்ந்துகொண்டன. காலையில் ஒழுங்காக ஓடிய வாட்ஸ்அப், வெயில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டு ஹாரன் சத்தம் ஏழாவது மாடி வரை தடித்து ஏறிவரும் நேரத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போதே மறைந்தது. கேமரா மூடியது. கடைசியில், எந்தப் பாவமும் அறியாத கால்குலேட்டர்கூட மூடியது. ஒவ்வொன்றாக, ஒரே ஒழுங்கில், ஹாலிலிருந்து சமையலறை, சமையலறையிலிருந்து படுக்கையறை என்று யாரோ பொறுமையாக விளக்குகளை அணைத்துக்கொண்டே போவது போல.

வேதா சும்மா இருக்கிற ரகம் இல்லை. போனை அணைத்து அணைத்துப் போட்டாள். ஆப்களின் கேஷ் மெமரியை அழித்தாள். சின்னு பிறந்தநாளின் நாற்பது வீடியோக்களை மனசில்லாமல் கம்ப்யூட்டருக்கு மாற்றி இடம் காலி செய்தாள். வாசல் ஆப்பை மொத்தமாக நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினாள். ஒரு மணி நேரம் சாதுவாக இருந்துவிட்டு, விளக்கு வைக்கும் வேளையில் மறுபடி ஆரம்பித்தது. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால், எங்களுக்கெல்லாம் நன்றாகத்தானே ஓடுகிறது என்று கட்டைவிரலாக வந்து விழுந்தது. அன்று லிஃப்டில் இறங்கும்போது உள்ளே தைல வாசனை. யாருக்கோ முட்டிவலி என்று நினைத்துக்கொண்டாள். கார்த்திகை மழையில் யாருக்குத்தான் வலிக்காது? நினைத்துக்கொண்டாளே தவிர, திரும்பி வரும்போது படியேறித்தான் வந்தாள்.

எரிச்சல் பயமாக மாறியது அடுத்த வாரச் செவ்வாய்க்கிழமைதான். போன வருஷம் ஒரு குழந்தை நாய்க்குட்டி பின்னால் ரோடு வரை போய்விட்டதிலிருந்து அங்கே ஒரு விதி: வீட்டு உறுப்பினர் பட்டியலில் இருக்கும் எந்தக் குழந்தையும் அம்மாவோ அப்பாவோ ஆப்பில் சரி என்று அழுத்தாமல் கேட்டைத் தாண்ட முடியாது, உள்ளேயும் சரி, வெளியேயும் சரி. அன்று ஸ்கூல் வேன் சின்னுவை இறக்கிவிட்டுப் போய்விட்டது. வேதா அழுத்த அழுத்த ஆப் மூடிக்கொண்டே இருந்தது. கடைசியில் அவள் கீழே ஓடியபோது, சின்னு மழையில் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, பக்கத்தில் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். குழந்தைகள் தனியாகப் பேசும், எல்லாக் குழந்தைகளும் பேசும் என்று ராத்திரி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் மூன்றாவது மாடி ஹனீஃபாவிடம் போனைக் கொண்டுபோனாள். சேலையூரில் மொபைல் கடை வைத்திருப்பவர். குடியிருப்பில் யாருக்குப் போன் படுத்தாலும் அவர் வீட்டுக் காலிங்பெல்தான் அடிக்கும். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எதை எதையோ திறந்து பார்த்தார். போனில் ஒன்றும் கோளாறு இல்லை, வாசல் ஆப்தான் பின்னணியில் கிடந்து மூச்சுவாங்குகிறது, அதற்கு மூச்சு முட்டும்போது மற்ற ஆப்களையும் சேர்த்துக் கவிழ்க்கிறது என்றார். குடும்ப உறுப்பினர் பக்கத்தைத் திறந்தவர், திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"ஒரே வூட்ல ஒரே பேர்ல ரெண்டு பேர் இருக்காங்க சிஸ்டர். கேட்டு கேமரா ஒரு ஆளைப் பாக்குது, இவரா அவரான்னு இதுக்குத் தெரியல. திணறி விழுந்துடுது. ஒண்ணை எடுத்துடுங்க, சரியாப் போயிடும்."

எதை எடுப்பது என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவர் வீட்டிலும் ஒரு சாவு விழுந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். வெளியே வானம் பிசுபிசுவென்று இறங்கியிருந்தது. பால்கனித் தகரத்தில் தூறல் நிதானமாகத் தட்டிக்கொண்டிருந்தது. பிரிட்ஜ் ஒரு தடவை உறுமி அடங்கியது. மாமனாருடைய அறைக் கதவு, சாத்தித்தான் வைத்திருந்தாள், ஒரு விரல் அகலம் திறந்திருந்தது. ஈரத்துக்கு மரம் உப்பும், தாழ்ப்பாள் உட்காராது. வேன் வர இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அதற்குள் இதை முடித்தாக வேண்டும். இன்றைக்கும் குழந்தை கேட்டில் நிற்கக் கூடாது.

பட்டியலில் இரண்டு வரிகள். கஸ்தூரிரங்கன். கஸ்தூரிரங்கன். படம் வரவேண்டிய இடத்தில் இரண்டுக்கும் ஒரே மாதிரி சாம்பல் வட்டம். வயது இல்லை, வேறு அடையாளம் இல்லை. வரியைத் தொட்டுத் திறந்து பார்க்கலாம் என்றால் ஆப் மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். அந்த மனுஷர் அவளை ஒரு நாள் ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. அவருக்கு இன்னொரு முறை கொள்ளி வைப்பது போல் இருந்தது. மன்னிச்சுக்கோங்கோ அப்பா என்று வாய்விட்டே சொன்னாள்.

பத்ரிதான் பெயர்களை ஏற்றினவன். எந்தப் பிள்ளையும் பெரியவர் பெயரைத்தானே முதலில் போடுவான்? மேலே இருந்ததை அழுத்தினாள். நிச்சயமா என்று கேட்டது. ஆம்.

ஆப் மூடவில்லை.

வேதா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மூடவில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்தாள், நின்றது. கேமரா, நின்றது. கால்குலேட்டரில் வேண்டுமென்றே ஏதோ ஒரு பெருக்கல் போட்டாள். சமர்த்தாக விடை சொன்னது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஹனீஃபா பாய்க்கு நாளைக்கே ஒரு டப்பா மைசூர்பாகு கொடுக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்து சின்னுவுக்குப் பால் வைத்தாள்.

பால் பொங்கும் நேரத்தில் இன்டர்காம் அடித்தது. கீழே வாட்ச்மேன் பொன்னுசாமி. போன மாதம்தான் வேலைக்கு வந்தவர், அந்த வீட்டு மனிதர்களை முகம் பார்த்துப் பழகாதவர். வேன் வந்துவிட்டது, ஆனால் குழந்தையுடைய பெயர் பட்டியலில் காட்டவில்லை என்றார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்தாள். மிச்சமிருந்த ஒரே வரியில் இப்போது படம் வந்திருந்தது. நெற்றியில் திருமண், தடித்த கண்ணாடி, அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் பத்ரி எடுத்தது. அவள் பிள்ளையைத்தான் அழித்திருந்தாள்.

அப்போதே கீழே ஓடியிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவள் இதைத்தான் நினைக்கப் போகிறாள். ஓடவில்லை. குழந்தையைக் கேட்டுக்குள்ள உங்க ரூம்ல வச்சுக் கொஞ்சம் பார்த்துக்கோங்கோ, பேரை ஏத்திட்டு ஒரு நிமிஷத்துல வரேன் என்று பொன்னுசாமியிடம் சொல்லிவிட்டு, நின்ற இடத்திலேயே பெயரை அடிக்கத் தொடங்கினாள். இந்த வீட்டில் இந்தப் பெயர் ஏற்கனவே இருக்கிறது என்றது ஆப். மறுபடி அடித்தாள். ஏற்கனவே இருக்கிறது. மூடவும் இல்லை, திணறவும் இல்லை. வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு ஓடியது.

பின்னால் மாமனாருடைய அறைக் கதவு கிறீச்சிட்டது. அவள் திரும்பினாள்.

அகலத் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. கட்டிலில் விரிப்பு கலையாமல் கிடந்தது. தைல வாசனை மட்டும் அவளைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, வாசல் வரை நீண்டிருந்தது. வாசல் கதவும் திறந்திருந்தது. அதை அவள் திறக்கவில்லை. நடையில் லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு. ஐந்து. நான்கு.

அவளால் அசைய முடியவில்லை. எண்கள் போய்க்கொண்டே இருந்தன. கையில் போன் அதிர்ந்தது.

'கஸ்தூரிரங்கன் வெளியே சென்றார்.'

இன்டர்காமை எடுத்தாள். விரல் வழுக்கியது.

"பொன்னுசாமி, குழந்தை எங்கே?"

"இப்பதான் மேடம் கூட்டிகினு போனாரு."

"யாரு?"

"உங்க வூட்டுப் பெரியவரு. ஸ்க்ரீன்ல போட்டோ வந்து பச்சை எரிஞ்சுது, கேட்டு தானா தொறந்துகிச்சு."

"நீங்க அவரை நேர்ல பாத்தேளா?"

மறுமுனையில் மழைச் சத்தம்.

"கொயந்தை கையத் தூக்கிகினு போச்சு மேடம்," என்றார் பொன்னுசாமி. அவர் குரல் மாறியிருந்தது. "நான் ஸ்க்ரீனைத்தான் பாத்தேன்."

குழந்தை வெளியே போனால் அம்மாவைக் கேட்க வேண்டும். ஆனால் குழந்தை பட்டியலில் இல்லை. கேட்க எதுவும் இல்லை. இத்தனை நாளும் அந்த ஆப் விழுந்து விழுந்து மூடியதுதான் அந்தக் கேட்டின் தாழ்ப்பாளாக இருந்திருக்கிறது. அதை அவளே ரிப்பேர் செய்து, எண்ணெய் போட்டுத் திறந்து வைத்துவிட்டாள்.

படிகள். செருப்பு இல்லை. ஆறாவது மாடித் திருப்பத்தில் முழங்கால் சுவரில் இடித்தது. வலிக்கவில்லை. படிகள். படிகள். பொன்னுசாமி ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. கேட்டுக்கு வெளியே சந்து முழுக்கச் சேறு. இருட்டு இன்னும் முழுசாக விழவில்லை. எல்லாம் ஈயம் பூசினாற்போல் இருந்தது. சந்தின் கோடியில் ஏரிக்கரை.

சின்னு தெரிந்தான். வெகு தூரத்தில், கரையேறிக்கொண்டிருந்தான். வலது கையை மேலே தூக்கியிருந்தான், ஒரு பெரியவர் கை பிடிக்கும் உயரத்துக்கு. அவன் பக்கத்தில் யாரும் இல்லை. அவனுடைய நீலப் பை மட்டும் அவன் தலைக்கு மேலே, அந்தரத்தில், நடைக்கு ஏற்ப லேசாக ஆடிக்கொண்டு கூடவே போனது.

சின்னு என்று கத்தினாள். குரல் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. வந்திருக்க வேண்டும். அவன் திரும்பினான். அவளைப் பார்த்துச் சிரித்தான். ஸ்கூலுக்குப் போகும்போது வேன் ஜன்னலிலிருந்து ஆட்டுவது போல, சும்மா இருந்த கையை ஆட்டினான்.

அவள் ஓடினாள். சேறு காலை இழுத்தது.

கரையின் மேல், தண்ணீர்ப் பக்கம் பார்த்து, பை நின்றது. சின்னுவும் நின்றான். குனிந்தான். முதலில் ஒரு ஷூவைக் கழற்றினான், பிறகு இன்னொன்றை. சாக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்தான். இரண்டையும் ஒழுங்காக, ஜோடி சேர்த்து, கரையில் வைத்துவிட்டு, மறுபடி கையை மேலே நீட்டினான். அது பிடித்துக்கொள்ளப்பட்டது.