தவசியை நிறுத்தி இறக்கிய நாள்

காலையில் பல் துலக்கும்போதே சுவர் கேட்டுவிடும். “இந்தக் கட்டடத்தில் இன்று என்ன குறை?”

சேந்தன் வாயில் நுரையோடு, “ஒண்ணுமில்ல” என்பான். குடிவந்த நாளிலிருந்து இதே பதில்தான். வரைந்தவனே தன் கட்டடத்தைக் குறை சொல்வானா?

அவன் அங்கே இருந்தது சட்டத்துக்காக. முந்தைய தலைமுறைக் கட்டடக் கலைஞர்கள் ஊரெல்லாம் கான்கிரீட் பெட்டிகளை அடுக்கிவிட்டு, தாங்கள் மட்டும் தோட்டத்து வீடுகளில் காற்று வாங்கினார்கள். ஜனங்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு உடனுறைச் சட்டம் கொண்டுவந்தார்கள். வரைந்தவர் அதே கட்டடத்தில் ஓராண்டு வாழ வேண்டும்; அண்டைவீட்டார் சம்மதித்தால்தான் அடுத்ததை வரையலாம். வரைந்தவரே ஒரு குறையை ஒப்புக்கொண்டால் சம்மதம் ரத்து. சேந்தனுக்கு அடுத்ததாக ஒரு நகரமே காத்திருந்தது. சம்மதிக்க வேண்டியவர் பக்கத்து வீட்டுப் பவளக்கொடி.

மதுரைக்கு வெளியே வெள்ளை வெளேரென்று நின்ற அந்த நாற்பது மாடிக்கு அவன் பரிசெல்லாம் வாங்கியிருந்தான். ‘வெட்டியெறிந்தபின் மிஞ்சுவதே வீடு’ என்று மேடைக்கு மேடை முழங்குவான். சாளரங்கள் திறக்காது. மின்தூக்கியை ஆள் நிற்கும் அளவுக்குத்தான் வரைந்திருந்தான்.

ஒரு காலை பவளக்கொடி வந்து கதவைத் தட்டினாள். கணவர் தவசி தூக்கத்திலேயே போய்விட்டார்.

“தம்பி, லிஃப்ட்ல படுக்க வைக்க எடம் பத்தலைங்கிறாக. படியிலயும் திருப்ப முடியலையாம். நீங்கதான கட்டுனீக, வேற வழி எங்கிட்டு வச்சிருக்கீக?”

அவள் குத்திக்காட்டவில்லை. வழி இருக்கும் என்று நம்பிக் கேட்டாள். சேந்தனின் முதல் வரைபடத்தில் நீளமான தூக்கி ஒன்று இருந்தது. அழகு கெடுகிறதென்று அவனே அதை அடித்துவிட்டான். சமையல், குளியல், உறக்கம் எல்லாவற்றுக்கும் அளவெடுத்த மகராசனுக்குச் சாவு மட்டும் மறந்துவிட்டது.

“வழி இல்லக்கா.”

உடல் விறைத்திருந்தது; உட்கார வைக்கவும் முடியவில்லை. நிறுத்தித்தான் இறக்கினார்கள். சேந்தன் தவசியை மார்போடு கட்டிப் பிடித்துக்கொண்டான். சில்லிட்ட தாடை அவன் தோளில் கிடந்தது.

“பயணிகள் இருவர்,” என்றது தூக்கி. “இனிய நாளாக அமையட்டும்.”

காரியம் முடிந்த மறுநாள், பவளக்கொடி அவன் வீட்டுச் சுவரில் விரல் வைத்துச் சம்மதம் தந்தாள்.

“பெத்த பிள்ளையாட்டம் தாங்கிப் பிடிச்சீகளே தம்பி. நான் வேணாம்னு சொல்லுவேனா?”

அவள் காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

அடுத்த நாள் காலை சுவர் வழக்கம்போல் கேட்டது. அவன் வாய் திறக்குமுன் பக்கத்து வீட்டிலும் அதே கேள்வி எழுந்தது. மெல்லிய சுவர், எல்லாம் கேட்டது.

“ஒரு குறையும் இல்லப்பா,” என்றாள் பவளக்கொடி.

தனக்காக அவள் பொய் சொல்கிறாள். சேந்தன் கூனிக் குறுகிப்போனான்.

“இருக்கு,” என்றான்.

“உறுதி செய்தால் சம்மதம் ரத்தாகும். என்ன குறை?”

“இங்க செத்தா,” என்றான், “மரியாதையா இறங்க வழியில்ல.”

சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டான். அந்தச் சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்கும்.