நிழல்கரையின் வெயில் பன்

நூற்று ஆறு நாள்களாக நிழல்கரையில் வெயில் படவில்லை. இன்னும் ஐந்து நாள் பாக்கி.

இதைத் தெரிந்துகொள்ள மாரித் நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீரைப் பார்த்தாலே போதும். இரு பக்கமும் மலை, நடுவில் கடல் நீளமாக உள்ளே புகுந்து கிடக்கும் ஃபியோர்டு அது. ஊருக்குப் பின்னால் நிற்கும் மலையின் நிழல் அந்தத் தண்ணீரில் விழுந்து, கோடு போட்டதுபோல முடியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் கறுப்பு. அந்தப் பக்கம் நீலம். இப்போது கோடு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. அது படகுத்துறையின் முதல் கட்டையைத் தொடும் நாள்தான் வெயில் நாள்.

அன்று மாரித்தின் அப்பா தம் ரொட்டிக் கடையில் வெயில் பன் சுடுவார். உருண்டையாக, நடுவில் மஞ்சள் பாகு வைத்து, ஏலக்காய் மணக்க. அதற்கு முதல் நாள்கூட அவர் அந்த மாவைத் தொட மாட்டார்.

"ஒண்ணே ஒண்ணு சுட்டுத் தாங்க மாமா. இன்னிக்கு நான் ஊருக்குப் போறேன்ல?" என்று கெஞ்சினான் யெப்பே.

"வெயில் வராம பன் கிடையாது."

"யாருக்கும் தெரியாம?"

"மலைக்குத் தெரியுமே!" என்றார் அப்பா.

யெப்பே அத்தை மகன். வயது பத்து. டென்மார்க்கில், மேசை மாதிரித் தட்டையான ஓர் ஊரிலிருந்து பனிக்கால விடுமுறைக்கு வந்திருந்தான். வந்த நாளிலிருந்து ஐந்து நாளும் மழையும் பனியும் கலந்து கொட்டின. இன்றுதான் வானம் வெளுத்தது. ஆனால் பன்னிரண்டு நாற்பதுக்கு அவனுக்கும் அத்தைக்கும் பேருந்து. ஏறி உட்கார்ந்தால் நேராகச் சுரங்கப்பாதைதான், வழியில்கூட வெயில் கிடைக்காது.

யெப்பே கடை மேசையில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தான். விடுமுறை முடிந்ததும் வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டுமாம். படமும் காட்ட வேண்டுமாம். அவன் எடுத்த பதினோரு படங்களும் சாம்பல் நிறத்தில் இருந்தன.

மாரித் எட்டிப் பார்த்தாள். தலைப்பு பெரிய எழுத்தில் இருந்தது. *என் மாமா ஊர்: ஒரு பெரிய கிணறு.*

"கிணறா?"

"சுத்திச் சுவரு. அடியில தண்ணி. மேல கொஞ்சூண்டு வானம். வேற என்னன்னு எழுதுறது?"

"உங்க ஊர்ல ரொம்ப உயரமானது எது, சொல்லு பாப்போம்."

யெப்பே யோசித்தான். "தண்ணித் தொட்டி."

"அதுல ஏறி நின்னு பேசுறியா நீ?"

"ஆனா எங்க ஊர்ல கட்டில்ல படுத்துக்கிட்டே சூரியனைப் பாக்கலாம்."

மாரித் கதவைத் திறந்துகொண்டு படகுத்துறைக்கு வந்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். அங்கே ஒரு வகுப்பே உட்கார்ந்து, அவள் ஊரைக் கிணறு என்று கேட்கப்போகிறது. இருபது பேர் சிரிப்பார்கள். அவர்களில் ஒருவரும் இங்கே வந்து பார்க்கப் போவதில்லை.

எதிர்க்கரையில் ஒன்பது வீடுகள் வெயிலில் மின்னின. அதுதான் வெயில்கரை. மேற்குப் பள்ளத்தாக்கு வழியாக டிசம்பரிலும் அவர்களுக்கு வெயில் வந்துவிடும்.

யெப்பே பின்னாலேயே வந்தான். "அங்க போயாவது வெயிலைப் பாக்கலாம்ல?"

"படகு காலையில ஏழுக்கு ஒண்ணு, சாயங்காலம் அஞ்சுக்கு ஒண்ணு. அப்பாவோட படகு கரையில கவுந்து கெடக்கு. அதுவும் போக, அங்க போய்ப் பாத்தா அது அவங்க வெயிலு. வெயில்ல எங்க ஊரு எப்படியிருக்கும்னு உனக்குத் தெரியாது."

அப்போது எதிர்க்கரையில் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள். கண்ணாடியில் பட்ட வெயில், ஃபியோர்டைத் தாண்டி வந்து மாரித்தின் கண்ணில் பளிச்சென்று குத்தியது.

மாரித் கண்ணை மூடவில்லை.

"அப்பா! போன் குடுங்க!"

"யாருக்குடி?"

"ஐவினுக்கு."

அப்பா மாவுக் கையோடு அப்படியே நின்றார். ஐவின் வெயில்கரைப் பையன். மாரித்தின் வகுப்புதான். வெயில்கரைக்காரர்கள் இவர்களைக் காளான் என்பார்கள். இவர்கள் அவர்களைக் கருவாடு என்பார்கள். இது அப்பா காலத்திலிருந்தே உண்டு. ஆனால் போன மாதம் ஐவின், "காளான் மேல வெயில் பட்டா வாடிடும்" என்று சொல்லி, மாரித் அவன் பூட்ஸ் இரண்டிலும் பனியைத் திணித்து, அன்றோடு பேச்சே நின்றுபோயிருந்தது.

மூன்றாவது மணியில் ஐவின் எடுத்தான்.

"யாரு?"

"காளான் பேசுறேன்."

"என் பூட்ஸ் இன்னும் காயல," என்றான்.

"அவ்ளோ வெயில் வச்சிருக்கீங்க, ஒரு பூட்ஸைக் காய வைக்க முடியலயா?"

ஐவின் சிரித்துவிட்டான். மாரித்துக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. யெப்பேயைப் பற்றியும், கிணற்றைப் பற்றியும், பன்னிரண்டு நாற்பது பேருந்தைப் பற்றியும் மளமளவென்று சொன்னாள். "உங்க வீட்ல பெரிய கண்ணாடி இருக்குல்ல? வெயிலை அதுல வாங்கி எங்க படகுத்துறைக்கு அனுப்பு."

"செய்றேன். பதிலுக்கு எனக்கு ஒண்ணு வேணும்."

"என்ன?"

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். மாரித் போனைக் காதிலிருந்து எடுத்து, அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி காதில் வைத்தாள்.

"இவ்ளோதானா?"

"சிரிக்காத. யார்கிட்டயும் சொல்லவும் கூடாது. நானே வந்து கேப்பேன்."

"சரி. சொல்ல மாட்டேன்."

"என்ன கேட்டான்?" என்றான் யெப்பே.

"சொல்ல மாட்டேன்."

"உன் சைக்கிளா?"

"இல்ல."

"கணக்கு வீட்டுப்பாடமா?"

"வாயை மூடிக்கிட்டு அங்க பாரு."

பதினொன்றரைக்கு எதிர்க்கரையில் ஒரு புள்ளி மின்னியது. ஐவின் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து பனியில் நிறுத்தியிருந்தான். மாரித் போனில் வழி சொன்னாள்.

"இடது பக்கம்... அய்யோ, ரொம்பப் போயிட்ட. கொஞ்சம் கீழ. தண்ணியில விழுது பாரு. மேல... மேல... நிறுத்து!"

வெளிச்சம் வந்தது. கண் கூசியது. ஆனால் அவ்வளவுதான். தரையில் ஒன்றும் மாறவில்லை. பனி அதே சாம்பலாகக் கிடந்தது.

"இது நட்சத்திரம். வெயில் இல்ல," என்றான் யெப்பே.

அவன் சொன்னது சரிதான். ஒன்றேகால் கிலோமீட்டர் தாண்டி வருவதற்குள், ஒரு கண்ணாடி வெயில் ஒரு வீட்டு அகலத்துக்கு விரிந்து, நீர்த்துப் போய்விடுகிறது. மாரித்துக்கு அது புரிந்தது. அப்படியானால் இன்னும் கண்ணாடிகள் வேண்டும்.

"ஐவின், உன் கண்ணாடி பத்தல."

"இதைத் தூக்கிட்டு வரவே என் முதுகு போச்சு!"

"உங்க ஊர்ல ஒம்பது வீடு இருக்கு."

"ஒம்பது வீட்டுக் கதவையும் தட்டி, காளானுக்கு வெயில் குடுங்கன்னு கேக்கவா?"

"ஆமா. நான் கேட்டேன்னு சொல்லு. மாரித் கேக்குறான்னு சொல்லு."

ஐவின் போனை வைத்துவிட்டான். மணி பதினொன்று ஐம்பது. பன்னிரண்டு. அத்தை பெட்டிகளை வெளியே எடுத்து வைத்தார். அங்கே மின்னிய ஒற்றைப் புள்ளியும் காணாமல் போயிருந்தது.

"போயிட்டான்," என்றான் யெப்பே. அவன் குரலிலும் ஏமாற்றம் இருந்தது.

பன்னிரண்டு பத்துக்கு ஒரு புள்ளி மின்னியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மூன்று. நான்கு. பெரியவர்களும் பிள்ளைகளும் குளியலறைக் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள்.

"ஏழு... எட்டு..." மாரித் எண்ணினாள். "ஒம்பது!"

ஐவின் மூச்சு வாங்கக் கூப்பிட்டான். "சொல்லுடி சீக்கிரம், எல்லாருக்கும் கை வலிக்குது!"

மாரித் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு வெளிச்சமாகத் தண்ணீரைத் தாண்டி வந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்தது. படகுக் கொட்டகைச் சுவரில் மஞ்சளாக ஒரு வட்டம் பிறந்தது. நடுங்கியது. பிறகு நின்றது.

"இது சிவப்பா?" யெப்பே சுவரைத் தொட்டான். "நான் இவ்ளோ நாளா பழுப்புன்னு நெனச்சேன்!"

கூரையோரம் தொங்கிய பனிக்குச்சிகள் ஒவ்வொன்றும் பற்றிக்கொண்டதுபோல எரிந்தன. கீழே பனி சர்க்கரையாக மினுங்கியது. வட்டம் மெல்ல நகர்ந்து யெப்பேயின் முகத்தில் ஏறியது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"சூடா இருக்கு," என்றான்.

சூடாக இருக்க வாய்ப்பில்லை என்று மாரித்துக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை.

அப்பா கடை வாசலுக்கு வந்திருந்தார். அக்கம்பக்கத்து ஆட்களும் வந்திருந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி, எதிர்க்கரையைப் பார்த்து மெதுவாக ஆட்டினார். அங்கே ஒரு கண்ணாடி குதித்துப் பதில் சொன்னது.

"மாமா, வெயில் வந்துடுச்சு! பன் எங்க?" என்றான் யெப்பே.

"இது இரவல் வெயிலுடா. திருப்பிக் குடுக்கணும்."

பேருந்து ஹாரன் அடித்தது. யெப்பே ஓடிப்போய் ஏறி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நோட்டைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினான். கிணறு என்ற சொல்லை அடித்திருந்தான். அடியில் எழுதியிருந்தான்: *வெயிலை வரவழைக்கும் ஊர்.*

மாரித் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினாள். அவளுக்குத் தான் ஒரு முழம் வளர்ந்துவிட்டதுபோல இருந்தது.

நூற்றுப் பதினோராம் நாள், ஊரே படகுத்துறையில் கூடியது. தண்ணீரின் கோடு தவழ்ந்து வந்து, பன்னிரண்டு பதினேழுக்கு முதல் கட்டையைத் தொட்டது. எல்லாரும் முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினார்கள். இந்த முறை உண்மையாகவே சூடாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் எக்காளம் ஊதினார்கள். அப்பா தட்டின் துணியை விலக்கினார். ஏலக்காய் மணம் துறை முழுக்கப் பரவியது.

அப்போது ஒரு சின்னப் படகு வந்து நின்றது. ஐவினும் அவன் அப்பாவும். ஐவின் இறங்கி, கூட்டத்துக்கு நடுவே வந்து, தட்டின் முன்னால் நின்றான். அவன் காது சிவந்திருந்தது.

"என்னடா கருவாடு, வருஷம் பூரா வெயில்ல காயுற ஆளுக்கு வெயில் நாள்ல என்ன வேலை?" என்றார் அப்பா. "இரவல் குடுத்த வெயிலைத் திருப்பி வாங்க வந்தியா?"

கூட்டம் சிரித்தது. ஐவின் மாரித்தைப் பார்த்தான். மாரித் வாயை இறுக மூடிக்கொண்டு, போ, கேளு என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"எனக்கு ஒரு வெயில் பன் வேணும் மாமா," என்றான் ஐவின். "உங்க கூட நின்னு திங்கணும். சின்ன வயசுலேருந்து ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருக்கேன். எங்க ஊர்லதான் வெயில் போறதே இல்லையே. அதனால வெயில் வந்த நாள்னு ஒண்ணு எங்களுக்குக் கிடையாது."