காணாமல் போன கம்ப்ரஸர் பெடல்

மாலை 4.20, ஒலிப்பதிவுக் கூடம். கடைசிப் பாட்டுக்கு மட்டும் பெடலை அணைத்துவிடலாம் என்று கிட்டார்காரர் நாற்காலிக்கு அடியில் காலை விட்டார். வெறும் தரை. கம்ப்ரஸர் பெடலைக் காணோம். அடித்து வாசித்தால் அமுக்கி, மெல்லத் தொட்டால் தூக்கி, அவருடைய அகூஸ்டிக் கிட்டாரை ஒரே மட்டத்தில் ஒலிக்கவைக்கும் பெட்டி அது. மற்றபடி அது இல்லாமல் வாசிக்கமாட்டேன் என்பவர்.

"டீ குடிக்கப் போனப்பதான் போயிருக்கு. மூணுலேருந்து மூணேகால். உள்ள இருந்தது சாமான் அறையைப் பாத்துக்கிற அம்மா மட்டும்" என்றார்.

அம்மாவின் கைப்பை மேசைமேல் கவிழ்க்கப்பட்டது. சீப்பு, மாத்திரை, சாவிக்கொத்து. கிட்டார்காரர் தொலைபேசியில் சொன்னதுமே கூடத்தின் முதலாளி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: ஐந்து மணிக்குள் பெடல் வராவிட்டால் அந்த அம்மா நாளையிலிருந்து வேலைக்கு வரவேண்டாம்.

"பதினோரு வருஷத்துல ஒரு ஒயர் காணாம போயிருக்கா, சொல்லுங்க தம்பி" என்று அம்மா ஒலிப்பதிவாளரைக் கேட்டார்.

அவருக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. நாற்காலிக்கு அடியில் இரண்டு முறை, சோபாவுக்குப் பின்னால் மூன்று முறை தேடியாயிற்று. கிட்டாரின் ஒயர் பெடல் வழியாகப் போகாமல் நேராகச் சுவர்ப் பெட்டியில் செருகியிருந்தது. எடுத்த ஆள் நிதானமாக இணைப்பையும் மாற்றிவிட்டுப் போயிருக்கிறார்.

4.45. அலுத்துப்போய்த் திரையில் அன்றைய பதிவுகளைப் புரட்டினார். மூன்றாவது, 3.20: கிட்டார் ஒலியைக் காட்டும் கோடுகள் வேலிக்கம்புகள்போல் ஒரே உயரம். நான்காவது, 3.50: பல் உடைந்த சீப்பு.

"மூணாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவுல யார் எங்க இருந்தீங்க?"

"வாசல்ல போன்ல இருந்தேன். டீ நேரத்தை விட்டுட்டு இதெதுக்கு?" என்று கிட்டார்காரர் எரிந்து விழுந்தார்.

"உங்க பக்கத்துலதான் தம்பி, ஹெட்போனைத் துடைச்சிட்டிருந்தேன்" என்றார் அம்மா.

கிட்டார்காரரின் தங்கைதான் பாடகி. "நான் உள்ள தண்ணி குடிச்சிட்டிருந்தேன்" என்றாள்.

"அப்ப சரி. சார், மூணாவதுல நீங்க அடிச்ச இடமும் தொட்ட இடமும் ஒரே உயரம். டீக்கு அப்புறமும் பெடல் இருந்திருக்கு. நாலாவதுல மேடும் பள்ளமுமா கிடக்கு. போனது நடுவுல. அப்ப உள்ள இருந்தது உங்க தங்கச்சி மட்டும்" என்றார் ஒலிப்பதிவாளர்.

"நாலாவதை நான் பெடல் இல்லாமலா வாசிச்சேன்?"

"வாசிச்சிட்டு, இன்னிக்கு இதுதான் பிரமாதம்னும் சொன்னீங்க."

பாடகி தன் துணிப்பையிலிருந்து பெடலை எடுத்து வைத்தாள். அந்தப் பையைத் திறக்கச் சொல்ல அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

"பத்து தடவை சொல்லிட்டேண்ணா. நான் குரலை இறக்குறப்ப நீயும் மெல்லத்தான் வாசிக்கிற. இது உன்னைத் தூக்கி என் தலைமேல உக்கார வைக்குது. ஒரு பாட்டுலயாவது என் குரல் கேக்கட்டும்னுதான்."

"கேக்கட்டும், வேணாங்கல" என்றார் அம்மா. "என் பையைக் கொட்டினப்ப அந்தக் குரல் எங்கம்மா போச்சு?"

4.58. அம்மா தொலைபேசியைக் கிட்டார்காரர் பக்கம் நகர்த்தினார்.

"முதலாளிகிட்ட இப்பவும் நீங்களே பேசுங்க சார்."