எலும்பு சொன்ன நடை

விடிந்ததும் கோமதியின் முதல் வேலை மணலைச் சமன்படுத்துவது. முப்பதடி நீளப் பாதை. பலகையால் இழுத்துவிட்டுக் கதவைத் திறந்தால், எதிர்முனையில் கட்டியிருக்கும் தழைக்காக ஏழு ராட்சதக் கங்காருகளும் அதன்மேல் வரும். பெரியவை ஆளைவிட உயரம். குட்டை முகம், பின்னங்காலில் ஒற்றை விரல். என்றோ அழிந்துபோன இனம். புதைபடிவ மரபணுவிலிருந்து, தென் ஆஸ்திரேலியாவின் இந்த மீளுயிர்ப் பண்ணையில் மறுபடி பிறந்தவை. தடங்களைப் படம் பிடித்து, ஏட்டில் ‘நடந்தன’ என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

நேற்று அவள் அப்படி எழுதவில்லை. ஏழில் ஒன்றான குட்டி இரண்டு கால்களையும் சேர்த்து ஒரு துள்ளு துள்ளியது. இந்த இனம் துள்ளாது, மனிதரைப் போலக் கால் மாற்றித்தான் நடக்கும் என்று எலும்பைப் பார்த்து அறிஞர்கள் எழுதியிருந்தார்கள். கோமதிக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கண்டுபிடிப்பு என்று நம்பி, ‘துள்ளியது!’ என்று ஆச்சரியக்குறியோடு எழுதினாள். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் பேனாவால் குட்டி கெட்டது.

இன்று மேலாளர் செல்வின் உத்தரவோடு வந்து நின்றார். புதைபடிவத்தோடு ஒத்துப்போகாத மீளுயிர், பிழையுயிர். பிழையுயிரை அழிக்க வேண்டும் என்பது சட்டம்.

“எலும்பைத் தப்பாப் படிச்சது அவங்க. குட்டி என்ன சார் பண்ணுச்சு?”

“எலும்புதாம்மா சாட்சி. அதை வச்சுத்தான் நமக்கு உரிமமே.”

“செத்தது சாட்சி, கண்ணு முன்னால உயிரோட நிக்கிறது பிழையா? வெக்கமா இல்ல உங்களுக்கு?”

“நீ எழுதாம இருந்திருந்தா எனக்கு ஏம்மா இந்தப் பாவம்?”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவர்மேல், சட்டத்தின்மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல். ஊசி இறங்கியபோதும் குட்டி அவள் சட்டைப்பைக்குள் தழை தேடிக்கொண்டிருந்தது.

மறுநாள் மணலைச் சமன்படுத்திக் கதவைத் திறந்தாள். தாய், குட்டி துள்ளிய இடத்துக்கு வந்து மோந்து பார்த்தது. பிறகு இரு கால்களையும் சேர்த்துத் துள்ளியது. பின்னால் வந்த ஐந்தும் துள்ளின.

கோமதி ஓடிப்போய்ப் பலகையால் எல்லாத் தடங்களையும் அழித்தாள். காட்சிக்கூடத்திலிருந்து, புதைபடிவத்தைப் பார்த்துப் பிளாஸ்டரில் வார்த்த இரு பின்னங்கால்களைத் தூக்கி வந்தாள். முழங்காலிட்டு மணலில் அழுத்தினாள். இடது, வலது, இடது.

“எலும்புதான வேணும் உங்களுக்கு? நடக்குது, பாத்துக்கோங்க.”

படம் பிடித்தாள். ஏட்டில் ‘நடந்தன’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். தாள் கிழிந்துவிட்டது.