எட்டு மணிக்குத் திறக்கும் சன்னல்

பழனி மலையை நோக்கிக் கும்பிட்டுச் சத்தியம் செய்து சொல்வது: இதில் ஒரு வரிகூட இட்டுக்கட்டியது இல்லை. எல்லாம் தண்டாயுதம் தம் தம்பி குழந்தைவேலுவுக்குத் தம் பெயரில், தம் நடையில் எழுதி அனுப்பியவை. அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமமான விர்னெக்கில், 2094-ஆம் ஆண்டில், ஒவ்வொருவரும் தாம் இன்னும் சாகவில்லை என்று காலை எட்டு மணிக்குள் நிரூபித்தாக வேண்டும். சன்னலின் மரக்கதவைத் திறந்து வைத்தால் போதும். மூடியிருந்தால் எதிர்வீட்டுக்காரர் வந்து தட்டுவார். உள்ளே ஆள் உயிரோடு இருந்தால், தட்டியவருக்குக் காப்பி போட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் பாதிரியாருக்குச் சொல்லி அனுப்புவார்கள்.

உலகமெல்லாம் நெஞ்செலும்புக்குள் நாடிச்சில்லு பதித்துக்கொண்டு, இதயம் நின்ற நாலாவது விநாடியில் சொந்தக்காரர்களுக்குத் தகவல் போய்விடுகிற காலம் அது. விர்னெக் ஊர்ச்சபை மட்டும் நாடிச்சில்லை ஊருக்குள் விடவில்லை. ஆள் இருக்கிறாரா என்பதை ஆள்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று கைதூக்கித் தீர்மானம் போட்டிருந்தார்கள்.

இந்த ஊருக்குத்தான் பழனியில் முப்பது வருஷம் விஞ்ச் ஓட்டிய மெக்கானிக் தண்டாயுதம், ரோப் காரைப் பராமரிக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தொன்பது. மனைவி இல்லை, பிள்ளை இல்லை. தம்பி உண்டு. தம்பிக்குத் தினமும் எழுத நேரமில்லை என்பதால் ‘நலமி’ என்று தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றைச் சமையலறை அலமாரியில் வைத்திருந்தார். வீட்டில் நடப்பதைக் கேட்டு, அவர் நடையிலேயே தினம் காலை ஒரு கடிதம் அனுப்பிவிடும். ஒன்றும் நடக்காத நாளில் தானே எதையாவது கோத்துக்கொள்ளும். எழுதத் தெரியுமே தவிர, அதற்கு நாடி பார்க்கத் தெரியாது. குழந்தைவேலுவிடமிருந்து ஒவ்வொரு கடிதத்துக்கும் தவறாமல் ஒரு கட்டைவிரல் குறி பதிலாக வரும்.

எதிர்வீட்டில் ரேகுலா. எழுபத்திரண்டு வயது, கணவரை இழந்தவர். பாலாடைக்கட்டி செய்து பிழைத்தவர். அவருடைய மலைப்பேச்சைத் தண்டாயுதத்தின் காதிலிருந்த ‘செவிமொழி’ தமிழாக்கித் தந்தது; அவர் தமிழை மலைப்பேச்சாக்கி உரக்கச் சொன்னது. அதில் இலவசமாகக் கிடைத்தது கொங்குத் தமிழ் மட்டும். ஆகவே அந்த ஊரில் பாதிரியார் உட்பட எல்லாரும் தாராபுரத்துக்காரர்கள் மாதிரியே பேசினார்கள்.

வந்த மறுநாள் எட்டு மணி ஒரு நிமிஷத்துக்குக் கதவு இடிபட்டது.

“ஏனுங் தண்டாயுதம், உசுரோடதான இருக்கறீங்க?”

“இருக்கறேனுங் அம்மணி. தூங்கவுட்டா இன்னுங் கொஞ்ச நாள் இருப்பேன்.”

“எங்கூட்டுக்காரரும் அப்படித்தான், தூங்கறேன்னு சொல்லிப்போட்டுப் படுத்தாரு. நானும் நம்பிட்டேன். சரி, காப்பி போடுங்க.”

ரோப் காரில் இரவு முறை முடித்து நாலு மணிக்குப் படுக்கிற மனிதர் அவர். தினமும் எட்டு மணிக்கு இந்தப் பஞ்சாயத்து. அம்மணி உட்கார்ந்தால் இருபது நிமிஷம். பால்காரன் பெண்டாட்டி கதை, செத்துப்போன பசுவின் குணம், காப்பியில் ஏன் சுக்கு போடுகிறீர்கள் என்ற விசாரணை. “இது காப்பியா கஷாயமா?” என்று கேட்டுக்கொண்டே இரண்டாவது கோப்பைக்குக் கை நீட்டுவார்.

ஆறு மாதம் பொறுத்தார். பிறகு, மெக்கானிக் அல்லவா, ரோப் காரிலிருந்து கழித்துப் போட்ட ஒரு சின்ன மோட்டாரைச் சன்னல் கதவில் மாட்டிவிட்டார். ஏழரைக்கு அது தானே திறந்துகொண்டது. அன்று முதல் யாரும் தட்டவில்லை. தண்டாயுதம் மதியம்வரை தூங்கினார். ‘ஊர் பழகிவிட்டது’ என்று நலமி எழுதியது. கட்டைவிரல் வந்தது.

ஒரு மாதம் கழித்து, இரவு முறை இல்லாததால் அவர் சீக்கிரமே விழித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேகுலாவின் சன்னல் எட்டே காலாகியும் திறக்கவில்லை. தண்டாயுதம் லுங்கியோடு பனியில் ஓடினார்.

தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. அம்மணி தலைவாரி, நல்ல சட்டை போட்டு நின்றார். மேசையில் இரண்டு கோப்பைகளில் காப்பி. சுக்கு வாசனை.

“என்னாச்சுங் அம்மணி?”

“ஒண்ணும் ஆகலீங். ஆறிப்போகுது, உக்காருங்க.”

“சன்னலு தெறக்க முடியலீங்களா?”

அம்மணி ஒரு கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். “முடியலைன்னே வெச்சுக்குங்க.”

“அட, இத மொதல்லயே சொல்றதில்லீங்களா? சாயங்காலமே மோட்டாரு போட்டுடறேன். இனி நீங்க எந்திரிக்கவே வேண்டாம்.”

“நீங்க நல்ல மெக்கானிக்குங்க தண்டாயுதம்” என்றார் அம்மணி.

அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டு, காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, அளவெடுக்கப் போய்விட்டார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டு வீட்டுச் சன்னல்களும் ஏழரை மணிக்குச் சொல்லிவைத்தாற்போலத் திறந்தன. தண்டாயுதம் எழுந்த பிறகு எதிர்ச்சன்னலைப் பார்த்துக் கையசைப்பார். ‘அம்மணி நலம்’ என்று நலமி எழுதும்.

மாசி மாதத்தில் பனிச்சரிவு மின்கம்பத்தைச் சாய்த்தது. மோட்டார்கள் ஓடவில்லை. தண்டாயுதம் தம் சன்னலைக் கையால் தள்ளித் திறந்து எதிரே பார்த்தார். மூடியிருந்தது. போய்த் தட்டினார். மறுபடி தட்டினார். பிறகு தோளால் இடித்தார்.

அம்மணி மேசையருகே நாற்காலியில் இருந்தார். பதினோரு நாள் ஆகியிருக்கும் என்றார் மருத்துவர். அந்தப் பதினோரு நாளும் தாம் கையசைத்தது தண்டாயுதத்துக்கு நினைவு இருந்தது. மேசையில் இரண்டு கோப்பைகள் இருந்தன. ஒன்றில் காப்பி உறைந்துபோயிருந்தது. மற்றதில் இன்னும் ஊற்றவே இல்லை.

அன்றே இரண்டு மோட்டார்களையும் கழற்றிப் பள்ளத்தாக்கில் வீசினார். மறுநாளிலிருந்து எட்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கையாலேயே சன்னலைத் திறந்தார். திறந்ததைப் பார்க்கத்தான் எதிரே ஆள் இல்லை. சில நாள் திறக்காமலும் இருந்து பார்த்தார். யாரும் தட்டவில்லை. இரண்டு பேருக்குக் காப்பி போட்டு, இரண்டையும் தாமே குடித்தார்.

இதையெல்லாம் தம்பிக்குத் தாமே விவரமாக எழுதி, கடைசியில் கேட்டார்: “குழந்த, இந்தப் பொட்டியத் தூக்கிப் போட்டுட்டு ஒரு நாள் நானே கூப்பிடட்டுமா? உங்கொரலக் கேட்டு ஆறு வருசமாச்சு.”

கட்டைவிரல் வந்தது. குழந்தைவேலுவும் இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரு நலமி வாங்கியிருந்தார்; வருகிற கடிதங்களுக்குக் கட்டைவிரல் போடுவது அதுதான்.

‘பெட்டியை அடுத்த வாரம் நிச்சயம் கழற்றிவிடுவேன், கழற்றியதும் கூப்பிடுகிறேன்’ என்று இன்று காலையும் தண்டாயுதத்தின் கடிதம் வந்திருக்கிறது.

விர்னெக் கல்லறையில், ரேகுலாவுக்கு அடுத்த குழியில் அவரை அடக்கம் செய்து வருகிற தைப்பூசத்தோடு மூன்று வருஷம் ஆகிறது.