தெற்கத்தி ரத்தம்

இதனால் சகல மனித குலத்துக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால்...

ஒரகடத்தில், ஒரு கார் பாகத் தொழிற்சாலையின் டிஸ்பென்சரியில், மருத்துவ வரலாறு தலைகீழாகப் புரட்டப்பட்டுவிட்டது!

புரட்டியவர், கம்பெனி டாக்டர் இனியவன்.

"இதுல யார் தப்பும் இல்ல மேடம். இது ரத்தம். இனம்."

எஸ்.ஐ. கங்கா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

காலை ஷிப்டில் ஓர் அலறல். நாலு மாத கர்ப்பிணி பூமாரி, கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, கண் மேலே செருகி, ஓடுகிற கன்வேயர்மேல் சாய்ந்தாள். இப்போது ஐ.சி.யூ.வில்.

தாயா, பிள்ளையா... இன்னும் தெரியவில்லை.

"கர்ப்பிணிங்களுக்கு வாந்தியை நிறுத்தற மாத்திரைதான் குடுத்தேன். உள்ளூர்ப் பொண்ணுங்களுக்கும் அதேதான். அவங்க ஜம்முனு இருக்காங்க. ஹாஸ்டல்ல இருக்கற தெற்கத்திப் பொண்ணுங்களுக்கு மட்டும் கழுத்து இழுக்குது. ஜெர்மனில கட்டுரை வாசிக்கப் போறேன்."

"வாந்தி வராதவளுக்கும் மாத்திரையா?"

"வந்தா கன்வேயர் லைன் நிக்குமே."

"அட்டைல வேளைக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு. நீங்க?"

"ரெண்டு. ஒண்ணுல நிக்கல."

"இனிமே?"

"சாயந்திரமும் உண்டு. நடுவுல நிறுத்தினா ஆராய்ச்சி கெட்டுடும்."

கங்கா எழுந்தாள்.

வெளியே பூமாரியின் அறைத்தோழி கனிஷ்கா. அவளுக்கு மூன்று மாதம். சாயந்திர மாத்திரை அவளுக்கும்தான்.

"பயமா இருந்தா துப்ப வேண்டியதுதானேம்மா?"

"எங்கக்கா துப்ப? வார்டன் வாயத் தொறக்கச் சொல்லி, டார்ச் அடிச்சி, நாக்கையும் தூக்கச் சொல்லித்தான் விடுவாவ."

பக்கத்தில் நின்ற உள்ளூர்க்காரி, வடக்குப்பட்டு கோவிந்தம்மா, ஆறு மாத வயிற்றுக்காரி, களுக்கென்று சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"நாங்க பஸ்ஸுல வர்றவங்க மேடம். எங்க வாய எவன் பாக்கறான்?"

"அப்ப நீ முழுங்கல..."

"மொத நாள் முழுங்குனேன். கழுத்து இஸ்துகினு போச்சு. எங்க வூட்டுக்காரரு பதறிட்டாரு. அன்னிலேர்ந்து எங்க ஊரு பொண்ணுங்க ஒருத்தியும் முழுங்கறதில்ல."

"டாக்டர்கிட்ட சொல்லல?"

"சொன்னா வூட்லயே குந்தும்பாங்க. அப்புறம் வேலைக்குக் கூப்புட மாட்டாங்க."

"எங்க துப்புவீங்க?"

டாக்டர் அறை வாசலில் இருந்த குரோட்டன்ஸ் தொட்டியைக் காட்டினாள்.

கங்கா லத்தியால் கிளறினாள். மண்ணைவிட மாத்திரை அதிகம். செடி தலை தொங்கிக் கிடந்தது.

"டாக்டரு சொல்ற மாதிரி, இதுவும் தெக்கத்தி ரத்தம் போலக் கீது மேடம்."

தொட்டி அப்படியே டாக்டர் மேசைமேல் கவிழ்ந்தது.

"எ... என்ன இது?"

"உங்க உள்ளூர் ரத்தம். ஒரே மாத்திரை, ஒரே கழுத்து. ஒருத்தி வாயில டார்ச் அடிச்சாங்க, இன்னொருத்தி வாயில அடிக்கல. இவ்ளோதான் டாக்டர் உங்க ஜெர்மனி."

அட்டையைக் கிழித்து இரண்டு மாத்திரைகளை நீட்டினாள்.

"நீங்களும் உள்ளூரு, தண்டலம்தானே? ஒண்ணும் ஆகாது. போடுங்க."

டாக்டர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ரெண்டா... விளையாடாதீங்க மேடம். கழுத்து..."

சட்டென்று நிறுத்தினார். தாமதம்.

"தெரிஞ்சேதான் குடுத்திருக்கீங்க."

செல்போன் அடித்தது. ஆஸ்பத்திரி. கங்கா கேட்டாள். மூச்சு விட்டாள்.

"பூமாரி கண்ணு முழிச்சிட்டா. உள்ள குழந்தைக்கும் துடிப்பு இருக்கு. அதனால கேஸ்ல உங்களுக்குக் கொஞ்சம் சின்ன செக்ஷன். ஏறுங்க ஜீப்புல. வார்டனுக்கும் இடம் இருக்கு, டார்ச்சோட."

அன்று சாயந்திரம் கனிஷ்கா லைனிலிருந்து ஓடிப்போய் வயிறார வாந்தி எடுத்தாள்.

லைன் நிற்கவில்லை.